மதாம் ரெண்டாந்தரம் கேக்கேல்லை

மே 30, வெள்ளி

பிரசர் 138. இந்தக் கொப்பி டொக்டர் தந்தது. ஒவ்வொரு நாளும் பிரசரை எழுதி, பக்கத்தில அண்டைக்கு என்ன நடந்தது எண்டும் எழுதிக்கொண்டு வரட்டாம். அப்பதான் ஏன் ஏறுது எண்டு பிடிக்கலாமாம். டொக்டர், நான் லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெருவில மரக்கறிக் கடையில வேலை செய்யிற அறுபத்திரெண்டு வயசு ஆள். மனிசி பூரணம் போய் ஆறு வரியம். மகள் கல்யாணம் கட்டி லியோன்ல. எனக்கு என்னத்தை நடக்கிறது? கத்தரிக்காய் வந்தது, வெண்டிக்காய் வரேல்லை.

லிப்ட் இண்டைக்கும் வேலை செய்யேல்லை. எனக்கு மூண்டாம் மாடி. மேல்மாடி மதாம் ஒதில் சில்லு வைச்ச பையை இழுத்துக்கொண்டு படியில நிண்டவ. தூக்கிக்கொண்டுபோய் நாலாம் மாடியில வைச்சன்.

மே 31, சனி

பிரசர் 136. மதாம் ஒதில் கதவைத் தட்டி, தட்டில பீச்பழம் வைச்சுச் சுட்ட கேக் ஒரு துண்டு கொண்டு வந்தவ. பை தூக்கினதுக்காக்கும். நல்ல மணம். "நொன் நொன், மதாம்" எண்டன். "ஆ போன்", அப்ப சரி, எண்டு சொல்லிப்போட்டுத் தட்டோட திரும்பி ஏறிப் போட்டா.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லேலாது. கேட்ட உடனே கையை நீட்டுறதுக்கு நான் என்ன காணாததைக் கண்டவனே? வேண்டாம் எண்டு சொல்லுவம், பறுவாயில்லை எடுங்கோ எண்டுவினம், ஐயோ வேண்டாம் எண்டுவம், எனக்காக ஒரு துண்டு எண்டுவினம், பேந்து எடுப்பம். இது மனிசர் செய்யிறது. இவ ரெண்டாந்தரம் கேக்கேல்லை. மணம் பின்னேரம் வரைக்கும் படியில நிண்டுது.

யூன் 1, ஞாயிறு

பிரசர் 135. டொக்டர் கேட்டால் சொல்ல வேண்டும் எண்டு எழுதுறன், வேற ஒண்டுக்குமில்லை. மதாம் ஒதிலுக்கும் எனக்கும் பழக்கம் ரெண்டு வரியமா. அவவும் தனி. அவ பள்ளிக்கூடத்தில சமையல் பாத்து பென்சன் எடுத்தவ. படியில கண்டால் நிண்டு கதைப்பா, வலு வடிவாக் கதைப்பா. எனக்கு அரைவாசி விளங்கும். என்ர பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு: எண், கிழமை, விலை, இருக்கு, இல்லை. அதால ஒரு முறை வைச்சிருக்கிறன். அவ கதைச்சால் "உய்", ஓம். அவ ஏதும் தந்தால் "நொன்", வேண்டாம். இண்டு வரைக்கும் பிழைச்சதில்லை.

ஒரு விசயம் மட்டும் வெக்கம். நான் விடிய தோயேக்க சாமிப் பாட்டுப் பாடுறனான். தண்ணிக் குழாய் மேல அவவின்ர குளியலறைக்குப் போகுது. இண்டைக்குப் படியில காதைக் காட்டி, குழாயைக் காட்டி, வாயைத் திறந்து காட்டிச் சிரிச்சவ. இனிப் பாடுறேல்லை.

யூன் 3, செவ்வாய்

பிரசர் 149.

பின்னேரம் படியில மதாம் மறிச்சவ. தலைமயிர் புதுசா வெட்டியிருந்தா, அது தேவையில்லாத விசயம். கையில ஏதோ சின்ன மட்டைத் துண்டு. ஒரு வசனம் சொல்லிப்போட்டு அதை என்னட்டை நீட்டினவ. நான் வழமைபோல, "நொன் நொன், மதாம், மெர்சி."

அவவின்ர முகம் அப்பிடியே விழுந்து போச்சு. "தான் பீ" எண்டு மெல்லமாச் சொல்லிப்போட்டு ஏறிப் போட்டா. தான் பீ எண்டால் சரி, போகட்டும். கடையில வெண்டிக்காய் முடிஞ்சால் சனம் அப்பிடித்தான் சொல்லுறது. வெண்டிக்காய்க்குச் சொல்லேக்க முகம் விழுறேல்லை.

காது எனக்கு நல்ல காது. அவ சொன்னது சொன்னபடி இது: "சம்தி வன்த்தேயன், செ மா கொறால். ஜே யுன் பிளாஸ் பூர் வூ." சனிக்கிழமை, இருபத்தோராந் திகதி, அது என்ர கொறால். உங்களுக்கு ஒரு இடம் இருக்கு. எல்லாம் விளங்குது. கொறால்தான் விளங்கேல்லை. இருபத்தோராந் திகதி ஏதோ நடக்கப் போகுது, அதுக்கு நான் வேண்டாம் எண்டிட்டன். எதுக்கு வேண்டாம் எண்டனான் எண்டு தெரியாமல் நித்திரை எப்பிடி வரும்?

யூன் 4, புதன்

பிரசர் 151. மதாம் "போன்ஜூர்" எண்டு மட்டும் சொன்னவ. பையைத் தானே இழுத்துக்கொண்டு ஏறினவ. ஒவ்வொரு படியிலயும் சில்லு டக் டக் எண்டு அடிச்சுது. நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன்.

கொறால் எண்டால் என்ன எண்டு கடையில கேக்கலாம். முதலாளி சிவபாதம் பிரெஞ்சை அறுத்துத் தள்ளுவான். ஆனா அவனிட்டைக் கேட்டால், "ஆரண்ணை சொன்னது?" எண்டுவான். பத்து நிமிசத்தில மீன்கடை, நகைக்கடை, தலைமயிர் வெட்டுற கடை எல்லாம் தெரிஞ்சிடும். தில்லைநாதனுக்கு வெள்ளைக்காரி இடம் வைச்சிருக்கிறாவாம் எண்டு கதை வரும். அகராதிக்கு வாயில்லை. அகராதி பாக்கிறதுதான் மரியாதை.

யூன் 5, வியாழன்

பூரணம் பிரெஞ்சு வகுப்புக்குப் போகேக்க வாங்கின தடிச்ச அகராதியை அலுமாரிக்கு மேல இருந்து இறக்கினன். K-யில பாத்தன். கங்காரு, கிலோ, கிவி. அவ்வளவுதான், எழுத்து முடிஞ்சுது. பிரெஞ்சுக்காரர் K-யை வீட்டுக்குள்ள எடுக்கிறேல்லைப் போல. C-யில பாத்தன். கொஞ்சம் கிட்டின மாதிரி ரெண்டு சொல் அம்பிட்டுது. ஒண்டு பவளம். மற்றது மாட்டுப்பட்டி.

"சனிக்கிழமை என்ர மாட்டுப்பட்டி. உங்களுக்கு ஒரு இடம் இருக்கு."

இல்லை. நாலாம் மாடியில மாடு வளக்கேலாது. பவளமாத்தான் இருக்க வேண்டும். ஆனா பவளத்தில என்ன இடம்? எனக்குச் செவ்வாய் தோசமும் இல்லை.

பேசினால் ஒரு மாதிரி, எழுதினால் இன்னொரு மாதிரி. கண்டறியாத பாசை. எழுதுற எழுத்தில அரைவாசியை வாசிக்கிறேல்லை எண்டால், ஏன் எழுதுவான்? இதில ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும் எண்டால் அந்தச் சொல் முதலே தெரிஞ்சிருக்க வேண்டும். தெரிஞ்சவனுக்கு அகராதி எதுக்கு?

யூன் 7, சனி

பிரசர் பாக்கேல்லை. போனிட்டை வாயால கேட்டுப் பாத்தன். "கொறால்" எண்டன். மீன்தொட்டி விக்கிற கடைக்கு வழி காட்டிச்சுது. மூக்கால இழுத்து இன்னொருக்காச் சொன்னன். அதே கடைக்கு பஸ்ஸில போற வழியைக் காட்டிச்சுது. மூண்டாந்தரம் கொஞ்சம் சத்தமாச் சொன்னன். கடை ஏழு மணிக்குப் பூட்டுமாம், கெதியா வெளிக்கிடட்டாம்.

யூன் 8, ஞாயிறு

மகள் கௌசிகா போன் எடுத்தவ. மெல்லமாத் துவங்கினன்.

"பிள்ளை, காதால கேட்ட மாதிரி எழுதித் தேடுற பிரெஞ்சு அகராதி கொம்பியூட்டரில இருக்கே?"

"ஏனப்பா, என்ன சொல்லு? சொல்லுங்கோ, நான் சொல்லுறன்."

"வேண்டாம் பிள்ளை. சும்மா ஒரு சொல்லு."

"ஆரப்பா சொன்னது?"

"ரேடியோவில."

"நீங்கள் எப்ப பிரெஞ்சு ரேடியோ கேக்கத் துவங்கினீங்கள்?"

இவள் தாயை உரிச்சு வைச்சவள். எப்பவோ வேலி பாய்ஞ்ச ஆட்டை இண்டைக்கும் விசாரிப்பாள். கடைசியில ஒரு லிங்க் அனுப்பினவ. இதில உச்சரிப்பால தேடலாமாம்.

திறந்து பாத்தன். உச்சரிப்பால தேடலாம்தான், ஆனா உச்சரிப்பை அதுக்கெண்டு இருக்கிற எழுத்தில எழுத வேண்டும். ஒரு e தலைகீழா நிக்குது. ஒரு c திரும்பி நிண்டு முதுகைக் காட்டுது. ஒரு o-வுக்கு மேல குருவி இருக்குது. ஒரு பாசையைப் படிக்க இன்னொரு பாசையைப் படிக்கச் சொல்லுறாங்கள். மதாம் மேல தனக்குள்ள ஏதோ முணுமுணுத்துப் பாடுறது கேட்டுது. பேந்து நிண்டுபோச்சு.

யூன் 11, புதன்

பிரசர் 147. அரை நாள் லீவு. எங்கட பகுதி நூலகத்துக்குப் போனன். அங்க அமினத்தா எண்டு ஒரு பிள்ளை, தாய் தேப்பன் மாலி நாட்டுக்காரராம், நல்ல சிரிச்ச முகம். காதால கேட்ட மாதிரித் தேடுற கொம்பியூட்டர் அகராதி வேண்டும் எண்டு கையாலயும் வாயாலயும் விளங்கப்படுத்தினன். உடன விளங்கீட்டுது. அப்பிடி ஒண்டு இங்க கொம்பியூட்டரில இருக்கு, வாங்கோ, காட்டுறன் எண்டு கதிரையில இருந்து எழும்பினவ.

"நொன் நொன், மெர்சி" எண்டன்.

அந்தப் பிள்ளை திரும்ப இருந்திட்டுது.

நான் அகராதி அலுமாரிக்குப் பக்கத்தில நிண்டு, அவவுக்குத் தெரியிற மாதிரி ஒரு புத்தகத்தை எடுத்து வைச்சு, எடுத்து வைச்சு, பாத்துக்கொண்டு நிண்டன், திரும்பக் கேப்பா எண்டு. கேக்கேல்லை. இருமினன். கேக்கேல்லை. பூட்டுற நேரம் வந்திட்டுது.

யூன் 12, வியாழன்

வேலை முடிஞ்சு திரும்பவும் நூலகம். அமினத்தாவுக்கு முன்னால மூண்டு தரம் நடந்தன். "போன்சுவார், மெசியே" எண்டு சிரிச்சவ. அவ்வளவுதான். இந்த நாட்டுச் சனத்துக்கு ரெண்டாந்தரம் கேக்கிறது எண்ட ஒண்டு இல்லவே இல்லைப் போல.

வீட்டை வந்து சோறு போட்டுச் சாப்பிடேக்க ஒரு யோசினை வந்தது. பீச்பழக் கேக். மட்டைத் துண்டு. நூலகம். மூண்டு இடத்திலயும் கேட்டது அவையள், வேண்டாம் எண்டது நான். அதுக்கு மேல யோசிக்கேல்லை. பிரசர் ஏறும்.

யூன் 14, சனி

பிரசர் 140. எழுத நிறைய இருக்கு.

விடியவே நூலகத்துக்குப் போய், அமினத்தா வாயைத் திறக்க முதல் "உய்" எண்டன். "எதுக்கு உய், மெசியே?" எண்டா. "புதன்கிழமை கேட்டதுக்கு" எண்டன்.

"புதன்கிழமை நீங்கள் வேண்டாம் எண்டனீங்கள்."

"ஓம். ஆனா ஒருதரம்தானே சொன்னனான்."

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சுது. "எங்கட அம்மா வீட்டிலயும் அப்பிடித்தான், மெசியே. மூண்டு தரம் கேக்காட்டி அம்மாவுக்குக் கோவம் வரும். ஆனா அது அம்மா வீடு. இங்க ஒருதரம்தான் கேப்பினம். நொன் எண்டால் நொன்தான்."

முப்பது வரியமா இந்த நாட்டில இருக்கிறன். இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நான் எத்தினை கேக்கை, எத்தினை கோப்பியை, எத்தினை பேரை இப்பிடி அனுப்பியிருப்பன்? சமையலறைப் பொறுப்பு, சம்பளம் கூடின வேலை, நல்ல அறை வேணுமோ எண்டு கேட்டவங்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வந்தாங்கள். ஒருதரம் கேட்டிட்டு அங்கால போட்டாங்கள். நான் அவங்களை நெஞ்சில ஈரமில்லாதவங்கள் எண்டு திட்டினனான்.

சரி, அகராதி. கொம்பியூட்டரில ஒரு பெட்டி. அதில எப்பிடிக் கேட்டுதோ அப்பிடி எழுதலாம். பிழையா எழுதினாலும் பேசாதாம். நல்ல குணம். k, o, r, a, l எண்டு ஒவ்வொண்டாக் குத்தினன். சக்கரம் சுத்திச்சுது. வந்தது. C-யில துவங்கி, நடுவில தேவையில்லாத ஒரு h-ஓட. அந்த h-ஐ என்ன செய்யலாம் எண்டு எனக்குள்ள ஒரு ஆத்திரம். அமினத்தா ஒரு பொத்தானை அமத்தினவ. கொம்பியூட்டர் "கொறால்" எண்டுது. மதாம் சொன்ன அதே சத்தம், ஆம்பிளைக் குரலில.

கூட்டமா நிண்டு பாடுற ஆக்கள். பாட்டுக் குழு.

மதாம் பாடப் போறா. எனக்கு ஒரு இடம் பிடிச்சு வைச்சு, ரிக்கட்டைக் கையில கொண்டு வந்து தந்தவ. குழாய்க்குள்ளால என்ர பாட்டைக் கேட்டு, இந்த மனிசனுக்குப் பாட்டு எண்டால் விருப்பம் எண்டு நினைச்சு வந்திருக்கிறா. நான் "நொன் நொன்" எண்டனான்.

அமினத்தா ஒரு கடதாசித் துண்டில அந்த அகராதியின்ர விலாசத்தை எழுதித் தரவோ எண்டு கேட்டவ. கேட்டு முடிக்க முதல் "உய்" எண்டன்.

யூன் 16, திங்கள்

பிரசர் 155. டொக்டர், இதுக்கு உப்புக் காரணமில்லை.

புது அகராதியை வைச்சு வசனம் தயாரிச்சுக்கொண்டு, இஸ்திரிக்கை போட்ட சேட்டோட நாலாம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினன். மதாம் திறந்தவ. "கொறால். சம்தி. உய்" எண்டன். தயாரிச்ச வசனம் படியிலயே நிண்டிட்டுது.

அவவுக்கு விளங்கீட்டுது. கண் மலர்ந்துது, பேந்து வாடிச்சுது. அந்த இடத்தை ரெண்டாம் மாடி மெசியே பெர்னாருக்குக் குடுத்திட்டாவாம். மெசியே பெர்னாருக்குக் காது கேக்காது, எண்டாலும் அவர் உடன ஓமெண்டவராம். பேந்து ஒண்டு கேட்டவ, ஒவ்வொரு சொல்லாய் ஆறுதலா, எனக்கு முழுசா விளங்கிச்சுது: "உங்களுக்கு இன்னொரு இடம் கேட்டுப் பாக்கவோ?"

"நொன் நொன், மதாம்" எண்டன்.

விளங்கியும் சொன்னன். வாய் தன்ர பாட்டில சொல்லீட்டுது. ஐயோ, கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டு அறுபத்திரெண்டு வரியமாப் பழகின வாய். அவ தலையை ஆட்டிப்போட்டுக் கதவைச் சாத்தினவ. நான் அந்தக் கதவுக்கு முன்னால நிண்டு, சாத்தின கதவுக்கு "உய்" எண்டு சொன்னன். கதவுக்குக் கேட்டிருக்கும்.

யூன் 18, புதன்

பிரசர் 150. நான் குளிரறைக்குள்ள கருவேப்பிலைப் பெட்டி அடுக்கேக்க கடையில மதாம் ஒதிலின்ர குரல் கேட்டுது. வெளியில வாறதோ விடுறதோ எண்டு யோசிக்க விரல் விறைச்சுப் போச்சு. வெளியில வரேக்க அவ போட்டா. சிவபாதம் கல்லாவில இருந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னவாம், தம்பி?"

"வெண்டிக்காய் எப்பிடிச் சமைக்கிறதெண்டு கேட்டவ, அண்ணை."

"அதுக்கு இவ்வளவு நேரமே?"

"வெண்டிக்காய் எண்டால் சும்மாவே அண்ணை? வழுவழுக்கும். பிடிக்கிற மாதிரிப் பிடிச்சால்தான் நிக்கும்."

விசர்ப் பெடியன். நாற்பத்தைஞ்சு வயசாகியும் இவனுக்குப் பகிடிதான்.

யூன் 20, வெள்ளி

பிரசர் 146. போறேல்லை. இடமில்லாத இடத்துக்கு எப்பிடிப் போறது?

யூன் 21, சனி

போனனான்.

இடமும் நேரமும் லிப்டில ஒட்டியிருந்த, அந்த h போட்ட சொல் இருந்த விளம்பரத்தில பாத்தனான். கோயில் வாசலில, அவையளின்ர கோயில், ஒரு பெண் கடதாசியோட நிண்டவ. நான் வாசலுக்கு வெளியில நிண்டு கேப்பம் எண்டுதான் போனனான். "உங்கட பேர், மெசியே?" எண்டு கேட்டவ. சும்மா சொன்னன். "ஆ, மெசியே தில்லை" எண்டு கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. ரெண்டாம் வரிசையில ஒரு கதிரை. அதில ஒரு கடதாசி, கடதாசியில என்ர பேர். நான் வேண்டாம் எண்டதுக்குப் பிறகு வைச்ச கதிரை அது. பக்கத்துக் கதிரையில மெசியே பெர்னார் துவங்க முதலே நித்திரை.

மதாம் நீலச் சட்டையோட மூண்டாவது ஆளா நிண்டவ. என்ன பாட்டெண்டு எனக்குத் தெரியாது, எந்தப் பாசையெண்டும் தெரியாது. முப்பது பேர் பாட, அவவின்ர குரலை என்ர காது தனியப் பிரிச்செடுத்துது. குழாய்க்குள்ளால ரெண்டு வரியம் கேட்ட குரல்தானே. இவ்வளவும் எழுதினபடியா இதையும் எழுதுறன், டொக்டர்: நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். கண் கலங்கிச்சுது. பூரணம் போனாப் பிறகு பாட்டுக்கு அழுதது இண்டைக்குத்தான்.

முடிய பக்கத்து அறையில மேசை நிறையக் கேக். மதாம் ஒரு துண்டைத் தட்டில வைச்சு எனக்கு முன்னால வந்து நிண்டவ. பீச்பழம்.

"கொஞ்சம் கேக்?"

"உய்" எண்டன். ஒரு இமைப்பொழுதில. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவ அதைக் கவனிக்கவே இல்லை. மூச்சை இழுத்து, பாடமாக்கிக்கொண்டு வந்த மாதிரி, "பறுவாயில்லை, எடுங்கோ" எண்டவ.

"உய், மதாம்" எண்டு தட்டை வாங்கினன். அவ இன்னொரு துண்டை எடுத்து அதுக்கு மேல வைச்சவ. முகத்தில ஒரு பிடிவாதம்.

"எனக்காக ஒரு துண்டு" எண்டவ, மூண்டாந்தரமா.

அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. சொல்லு பிரெஞ்சு, ஆனா இப்பிடி மூண்டு தரம் கேக்கிறது பிரெஞ்சுக்காரரின்ர முறையில்லை. சுத்த யாழ்ப்பாணம். வெண்டிக்காய் சமைக்கிற விதம் இதுதான். அறுவான் சிவபாதம். நான் அகராதி அகராதியா அலைஞ்சு அவனுக்குத் தெரியாமல் வைச்சிருந்த விசயத்தை, இவ நேர போய் அவனிட்டையே கேட்டிருக்கிறா. இனி மீன்கடை, நகைக்கடை எல்லாம் தெரிஞ்சிருக்கும். தெரியட்டும்.

அவ மூண்டு தரம் கேக்கப் பழகிக்கொண்டு வந்திருக்கிறா. நான் ஒருதரத்தில ஓம் எண்டு சொல்லப் பழகிக்கொண்டு போயிருக்கிறன். அதால மூண்டு துண்டு. மூண்டையும் சாப்பிட்டன். மெசியே பெர்னார் எழும்பி, கேக் முடிஞ்சுதோ எண்டு கேட்டார்.

யூன் 22, ஞாயிறு

பிரசர் 158. கேக் எண்டு எழுதிக்கொள்ளுங்கோ, டொக்டர். குளிசையைக் கூட்ட வேண்டாம்.

பின்னேரம் மேல கோப்பிக்கு வரட்டாம். போறன். லிப்ட் திருத்தியாச்சு எண்டு வாசலில ஒட்டியிருக்கு. நான் படியாலதான் போறனான்.

விடிய தோயேக்க, கன நாளைக்குப் பிறகு, ஒரு பாட்டுப் பாடினன். முடிய மேல இருந்து குழாயில ஒரு தட்டுக் கேட்டுது. தண்ணி வாற சத்தமாக்கும் எண்டு துவாயை எடுத்தன். ரெண்டாந்தரம் தட்டினவ. மூண்டாந்தரம் தட்ட விடாமல் அடுத்த பாட்டைத் துவங்கினன்.